நீ நக்கிக் காட்டிய யூரியா

அண்ணா,

இன்று காலை எங்கள் தெருமுனையில் ஒரு குட்டி லாரி பள்ளத்தில் இறங்கி ஏறியதில், பின்னாலிருந்த யூரியா மூட்டை ஒன்று சரிந்து விழுந்து வாய் பிளந்துகொண்டது. நேற்றைய மழைத் தண்ணீர் அங்கே சாணியும் சகதியுமாகத் தேங்கிக் கிடந்தது. லாரிக்காரன் அள்ளியது பாதி, விட்டது பாதி. வெயில் ஏறியதும் மூக்கைக் குத்துகிற அந்த வாடை தெரு முழுக்கக் கிளம்பிவிட்டது. நான் பால் சொம்போடு அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னா அத்த, நின்னுகினே கீற? மயக்கம் கியக்கமா?" என்று எதிர்வீட்டுப் பெண் ஓடி வந்தாள்.

மயக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உன் ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான். செத்துப்போன அண்ணன் ஞாபகம் வந்தால் மற்றவர்களுக்குக் கண் கலங்கும். எனக்குப் பல் நறநறவென்று கடிபடுகிறது.

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. உன் சாவுக்கு ஒட்டிய போஸ்டரில் உன்னை 'விவசாயிகளின் உற்ற நண்பன்' என்று போட்டிருந்தார்கள். சிங்கப்பெருமாள் கோயில் ரோட்டில் சுவருக்குச் சுவர் உன் முகம், சிரித்துக்கொண்டு. செத்தவர்களைப் பற்றிக் குறை பேசக்கூடாது என்கிறார்கள். உயிரோடு இருந்த ஒருத்தியைப் பற்றி ஊரே வருஷக்கணக்கில் பேசியதே, அதற்கு யாரும் தடை போடவில்லை. அதனால் நான் பேசத்தான் போகிறேன். குறுக்கே பேச உனக்கு இப்போது வாயில்லை. இருந்தபோதும் வேண்டிய நேரத்தில் அது திறக்கவில்லை.

உனக்குப் பொய் சொல்ல நன்றாக வரும் என்பது எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியும். வேர்க்கடலைக் கொல்லைக்குத் தெளிப்பதற்காக நம் நைனா ஒரு பக்கெட் தண்ணீரில் யூரியாவைக் கரைத்து வைத்துவிட்டு, "இத்த பாத்துக்கோ, மாடு கீடு வாய வெச்சிடப் போவுது" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் பாண்டி ஆடப் போய்விட்டேன். பக்கத்து வீட்டுப் பசு வந்து பக்கெட்டைக் காலி செய்தது. கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பி, கால்களை உதைத்துக்கொண்டு விழுந்தது. புளித்தண்ணீர் கரைத்து ஊற்றிப் பார்த்தார்கள். பிழைக்கவில்லை.

நைனா இடுப்பு வாரை உருவிக்கொண்டு வந்தார். நீ குறுக்கே போய் நின்றாய். "நாந்தான் நைனா பக்கெட்ட எத்தும் போயி வெளிய வெச்சேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாய். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. எனக்கே ஒரு நொடி, நீதான் வைத்தாயோ என்று தோன்றியது. அன்றைக்கு உன் முதுகில் விழுந்த அடியைக் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். பிறகு தேங்காய் எண்ணெய் தடவ வந்தபோது, "வுடு, உம்மேல வுயிந்திருந்தா நீ செத்தே பூட்டிருப்ப" என்று சிரித்தாய்.

அந்த ஒரு பொய்யை வைத்துக்கொண்டுதான் உன்னைச் சாமியாக நம்பினேன். எனக்காகப் பொய் சொல்லத் தெரிந்தவனுக்கு, தனக்காகவும் பொய் சொல்லத் தெரியும் என்று அப்போது புத்தியில் ஏறவில்லை. சின்னப் பெண், என்ன தெரியும்?

அப்புறம் என்னை அணுபுரம் பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்தீர்கள். அவர் நல்ல மனுஷன், உழைப்பாளி, ஏரிப் பாசனத்தில் ஒன்றரைக் காணி. நீ நம் ஊர் ரோட்டிலேயே உரக்கடை வைத்தாய். தொண்ணூறுகளில் சுற்றுவட்டாரத்தில் உன் கடை யூரியாவுக்கு இருந்த பேரை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. "அண்ணாத்த கட யூரியா போட்டா பூச்சி அண்டாது" என்பார்கள். மூட்டையைப் பிரித்து, வேப்பம் புண்ணாக்குத் தூளோடு கலந்து, திரும்பத் தைத்துக் கொடுப்பாய். கசப்புக்குப் பூச்சி ஓடிவிடும் என்பாய். ஒரே வீச்சில் உரத்துக்கு உரம், மருந்துக்கு மருந்து. எங்கள் ஊர்ப் பெரியவர்களே யூரியா என்றால் பூச்சி மருந்து என்று நம்ப ஆரம்பித்தார்கள். யூரியா பயிருக்குச் சோறு, பூச்சிக்கு அது ஒன்றும் செய்யாது என்பது கடை வைத்திருந்த உனக்குத் தெரியாதா? தெரியும். சொல்லவில்லை. பேர் வருகிறதே, எதற்குச் சொல்ல வேண்டும்?

அந்த மாசி மாதம் நீயே வந்து மூட்டையை இறக்கினாய். நவரைப் பட்டத்து நெல் நட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. மூட்டை வாயை அவிழ்த்ததும் குமட்டிக்கொண்டு வந்தது எனக்கு.

"இன்னாண்ணா, இப்டி நாறுது?"

"புண்ணாக்கு நாறாம மல்லிப்பூ மாதிரியா மணக்கும்? உனக்குன்னே தனியா கலந்து எத்தாந்தேன். இத்த ஒரு தபா வீசிடு, குருத்துப்பூச்சி உன் வரப்ப கூட மிதிக்காது."

"கையில துணி கிணி சுத்திக்கணுமா?"

"யூரியாவுக்கு இன்னாடி துணி? உப்பு மாதிரிதான். அள்ளி வீசு."

அள்ளி வீசு. உன் வாயால் சொன்ன வார்த்தை அது. மறக்க மாட்டேன்.

அதை வீசுவதற்கு முந்தின நாள் எனக்கும் அவருக்கும் சண்டை. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போய்க் கடலில் குளிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். நம் வீட்டில் வருஷா வருஷம் போவோமே, நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அலையில் முங்குவாயே, அந்த ஆசைதான். "ஏரித் தண்ணி நிக்கறதுக்குள்ள உரம் வீசணும், கடலு எங்கயும் ஓடிடாது" என்றார் அவர். நான் கத்தினேன், அவரும் கத்தினார். அக்கம்பக்கம் எல்லாருக்கும் கேட்டது. எந்த வீட்டில்தான் நடக்காதது?

மறுநாள் பனி காய்ந்ததும் வயலில் இறங்கினேன். எங்கள் ஊரில் பெண்கள் யூரியா வீசுவது எப்படி என்று உனக்குத் தெரியும். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் மடியாகக் கட்டி, அதில் கொட்டிக்கொண்டு, வலது கையால் அள்ளி அள்ளி வீசுவோம். வியர்வையில் மடி நனைந்து வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். யூரியா என்றால் லேசாக எரியும், குளித்தால் போய்விடும். அந்த நினைப்பில்தான் வீசினேன். பாதி வயல் முடித்துவிட்டு, அந்த வயல் தண்ணீரிலேயே கையை அலம்பிவிட்டு, வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியில் இருந்த கூழைக் கையால் கரைத்துக் குடித்தேன். யூரியா போட்ட நாளெல்லாம் அப்படித்தான் குடித்திருக்கிறேன்.

மீதியை வீச எழுந்தவள் நாலு கை கூட வீசவில்லை. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே வந்தது. துப்பத் துப்ப ஊறியது. பயிர் இரண்டாகத் தெரிந்தது, அப்புறம் மங்கலாகிவிட்டது. தொடைச் சதை தானாகத் துடித்தது. வாந்தி. அவர் மோட்டார் கொட்டகையிலிருந்து ஓடி வருவது தெரிந்தது. அதற்கு மேல் தெரியவில்லை.

டவுனில் ஆஸ்பத்திரியில் முழித்தபோது என் கைகால்களைக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். விஷ முறிவு ஊசி போட்டுப் போட்டு அதில் புத்தி கலங்கி, இல்லாத பூச்சியைக் காற்றில் பிடித்துக்கொண்டிருந்தேனாம். அந்த டாக்டர் நல்ல மனுஷன். என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தே, இது பூச்சி மருந்து என்று கண்டுபிடித்துவிட்டார்.

"என்னம்மா குடிச்சே? பயப்படாம சொல்லு."

"ஒண்ணும் குடிக்கல சார். யூரியா வீசினேன்."

"யூரியாவால இப்படி ஆகாதும்மா. கண்மணி கடுகு மாதிரி சுருங்கியிருந்தது. எந்த மருந்துன்னு சொன்னாத்தான் எனக்கு நல்லது, உனக்கும் நல்லது."

அவர் சொன்னது முழுக்க நிஜம். யூரியாவால் அப்படி ஆகாது. நான் சொன்னதும் நிஜம். இரண்டு நிஜத்துக்கும் நடுவில் இருந்த ஒன்றைத் தெரிந்தவன் ஒருவன்தான், அவன் அப்போதுதான் சாத்துக்குடிப் பையோடு வார்டுக்குள் நுழைந்தான். உரக்கடைக்காரர் என்று தெரிந்ததும் டாக்டர் உன்னிடமே கேட்டார், அந்த மூட்டையில் வேறு ஏதாவது இருந்ததா என்று.

"வெறும் யூரியா சார். கொஞ்சம் புண்ணாக்கு. அவ்ளதான்" என்றாய்.

நடுக்கமே இல்லாத அதே குரல். நைனாவுக்கு முன்னால் நின்று பேசினாயே, அதே குரல். அண்ணா, நான் பிழைப்பேனா மாட்டேனா என்று அப்போது யாருக்கும் தெரியாது. எந்த மருந்து என்று தெரியாமல், கண்ணையும் நாடியையும் பார்த்துப் பார்த்து அந்த மனுஷன் என்னை இழுத்துக்கொண்டிருந்தார். நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. அதோடு விட்டாயா? வார்டில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி என் தலையைத் தடவி, "ஏன் தங்கச்சி இப்டி பண்ண? அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று அழுதாய். நிஜக் கண்ணீர் வந்தது உனக்கு. அடப்பாவி.

போலீஸ்காரர் வந்து, வீட்டில் என்ன சண்டை என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பயந்து போய், கடலுக்குப் போக வேண்டும் என்று கத்தினாள் என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். முடிந்தது கதை. மாசி மகத்துக்கு அனுப்பவில்லை என்று மருந்து குடித்தவள். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பேர்.

மருந்து குடித்தவள் என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது, நீ ஆம்பளை. கிணற்றடிக்குப் போனால் பின்னாலேயே ஓர் ஆள் வரும். மண்ணெண்ணெய்க் கேனை மாமியார் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு புடவை மாற்றினால் தட்டுவார்கள். மூன்று வயது மகளை என் பக்கத்தில் படுக்கவிடவில்லை. "அது கிட்ட கொயந்தைய தனியா வுடாதீங்க, மறுபடியும் புத்தி மாறுச்சினா?" என்று என் காதுபடவே பேசினார்கள். நான் பெற்ற பிள்ளை பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என்னை எட்டி நின்று பார்த்தது. அவர் மட்டும் அடிக்கவில்லை, திட்டவில்லை. எதற்கு எடுத்தாலும் சரி சரி என்றார். அந்தச் சரி சரி அடியை விட மோசம். நான் கேட்டதற்காக ஒருநாள் மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனார். கடல் ஓரத்தில் நின்றேன். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஆசையில் இல்லை, பயத்தில்.

அறுவடை முடிந்து தாய்வீட்டுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? கடைக்குப் பின்னால் புண்ணாக்கு இடிக்கும் அறையில் முறத்தைத் தேடிப் போனவள், மூலையில் ஒரு சாக்கை இழுத்தேன். உள்ளே காலிப் பாக்கெட்டுகள். பூச்சிக்குப் போடும் குருணை மருந்துப் பாக்கெட்டுகள். சிவப்பு முக்கோணமும் மண்டையோடும் போட்டது. தேதி தாண்டியவை. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் எனக்கு வரப்பில் உட்கார்ந்து துப்பியது ஞாபகம் வந்தது. நான் கத்தவில்லை. உன்னைக் கூப்பிட்டேன்.

நீ பாக்கெட்டையும் என்னையும் பார்த்தாய். அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாய்.

"விக்காம நின்னுபோச்சு. எங்கிட்ட மருந்து லைசென்ஸ் கெடயாது, வெளிய தெரியாம வாங்கி வெச்சது. யூரியாவுல கலந்தா வீசறவனுக்கும் தெரியாது, பூச்சியும் சாவும்னு..."

"எல்லாரும் வீசறாங்க. எனக்கு மட்டும் ஏண்ணா இப்டி ஆச்சு?"

"மத்தவனுக்கு ஒரு கை போடுவேன். உன் வயலாச்சேன்னு உனக்கு ரெண்டு கை கூடப் போட்டேன்."

பாசத்தில் போட்டாயாம்! அதைக் கேட்டு நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை. என் காலைப் பிடித்துக்கொண்டாய். "வாய தொறக்காத தங்கச்சி, உரக்கட லைசென்ஸும் பூடும், கேஸாப் பூடும். இந்தப் போகம் முடியட்டும். மாப்ளகிட்ட நானே வந்து சொல்றேன்" என்றாய். நைனாவிடம் அடி வாங்கிய முதுகு என் கண் முன்னால் குனிந்திருந்தது. சரி என்று தலையாட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தப் போகம் முடிந்தது. அடுத்த போகமும் முடிந்தது. நீ வரவில்லை. பொறுக்க முடியாமல் நானே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, கையோடு உன் கடைக்கு இழுத்து வந்தேன். நீ கல்லாவில் உட்கார்ந்திருந்தாய். நாலைந்து பேர் உரம் வாங்க நின்றிருந்தார்கள். அவர் மெதுவாகத்தான் கேட்டார். "மச்சான், யூரியாவுல மருந்து கலந்தேன்னு இவ சொல்றாளே, இன்னா விசயம்?"

நீ என்னைப் பார்க்கவே இல்லை. எழுந்து போய்ப் புது மூட்டை ஒன்றைப் பிரித்தாய். உள்ளங்கையில் யூரியாவை எடுத்தாய். நாக்கை நீட்டி நக்கினாய். முகத்தைச் சுளித்து, எல்லாரையும் பார்த்துச் சிரித்தாய்.

"யூரியா துன்னு யாராச்சும் செத்துகீறாங்களா மாப்ள? பாரு, நான் நல்லாத்தான் நின்னுகினு கீறேன். தங்கச்சி வெக்கத்துல மாத்திப் பேசுது. பொம்பள மனசு. வுடு, இட்டுகினு போ."

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் "அண்ணாத்த, தொட்டுக்க கருவாடு வேணுமா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரரும் கடைசியில் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு என் வழக்கு தள்ளுபடி. பின் அறைக்கு ஓடினேன். அறை கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. யூரியா பாவம், அது யாரையும் கொல்லவில்லை. அதன் யோக்கியதையை எடுத்து நீ உன் மேல் பூசிக்கொண்டாய். உள்ளதைச் சொல்லியே ஒருத்தியைப் பொய்க்காரி ஆக்க முடியும் என்று அன்றைக்குத்தான் கற்றேன்.

அன்றோடு உன் தங்கச்சி செத்தாள். மிச்சம் இருந்தவள் உன்னைப் பழிவாங்கப் பிறந்தவள்.

வேளாண்மை ஆபீஸில் பெண்களுக்குப் பயிற்சி போட்டார்கள், முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். யூரியா பூச்சியை விரட்டாது, அளவுக்கு மேல் போட்டால் இலை கொழுத்துப் பூச்சிதான் கூடும் என்றார் அந்த ஆபீசரம்மா. புண்ணாக்கு கலந்தால் உரம் மெதுவாகக் கரையும், நல்லதுதான், ஆனால் குருணை மருந்தை வெறும் கையால் தொடவே கூடாது என்றார். உரமானாலும் மருந்தானாலும் மடியில் கட்டாதீர்கள், அன்னக்கூடையில் எடுங்கள், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள் என்றார். நான் எழுந்து, மடியில் கட்டினால் என்ன ஆகும் என்று என் கதையைச் சொன்னேன். உன் பேரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை, யூரியாவைப் பிரித்துக் கலந்து விற்கிற கடை வட்டாரத்துக்கே ஒன்றுதான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வயலாகப் போய் ஒவ்வொரு பெண்ணிடமும் சொன்னேன். நாற்றமடிக்கிற யூரியாவைத் தொடாதே, பிரித்துத் தைத்த மூட்டையை வாங்காதே. நான் மருந்து குடித்தவள் என்று சொன்ன அதே பெண்கள் இதை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். உன் பேர் போன யூரியாவைச் சீந்த ஆளில்லாமல் போனது. நீ கலப்பதையும் நிறுத்திவிட்டாய் என்று அண்ணி வந்து சொன்னாள், ஏதோ நல்ல சேதி மாதிரி. நிறுத்தினால் ஆயிற்றா? என் பேரை யார் திருப்பித் தருவது?

என் மகள் பெரியவள் ஆனபோதுதான் உன்னைச் சரியாகப் பிடித்தேன். இரண்டாயிரத்துக்கு அப்புறம், மண்டபத்தில் மஞ்சள் நீராட்டு. மைக்கில் தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். பட்டு வேட்டி கட்டி, பதினோரு சீர்த்தட்டோடு, மேளம் முன்னால் வர நீ வந்தாய். மேடைப் படியில் நான் குறுக்கே நின்றேன்.

"ஏறாத. மைக்க எத்து சொல்லு. எந்தங்கச்சி மருந்து குடிக்கல, நாந்தான் கலந்தேன்னு சொல்லிட்டு ஏறு."

மேளம் நின்றுவிட்டது. "சபையில வேணாம்டி" என்றாய், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"ஆஸ்பத்திரி சபை இல்லியா? உன் கட சபை இல்லியா?"

நீ மைக்கைப் பார்த்தாய். ஒரு நொடி கை நீண்டது, நான் பார்த்தேன். அப்புறம் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாய். என் மகளுக்கு மாமன் மாலையை எனக்குத் தம்பி முறை ஆகிற ஒருத்தன் போட்டான். வாசலில் நீ செருப்பைத் தேடிக் கால் தடுமாறி நின்றதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒளிக்க மாட்டேன், ரொம்பவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் பந்தியில் என்ன பேசினார்கள் தெரியுமா? "கூடப் பொறந்தவன இப்டி அவமானப்படுத்துவாளா? அன்னிக்கு மருந்து குடிச்சவதான, மூள கலங்கிப் போச்சு." நான் எறிந்த கல்லும் என் தலையிலேயே வந்து விழுந்தது.

நீ சிறுநீரகம் கெட்டுப் படுத்தபோது இளநீரோடு வந்தேன். பாசத்தில் வந்தேன் என்று அண்ணி நினைத்தாள். நான் அந்த ஒரு வார்த்தைக்காக வந்தேன். என் வீட்டுக்காரரையும் கூட்டி வந்து கட்டில் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். நீ என் கையைப் பிடித்தாய். கை வீங்கி இருந்தது. வாயைத் திறந்தாய். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

"சாப்ட்டியா?" என்றாய்.

"சாப்ட்டேன். வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லியா உனக்கு?"

நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் கண்ணோரம் நனைந்ததைப் பார்த்தேன். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கண்ணீரைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது? நாலாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

போன மாதம் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் என்று ஒரு ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தேன். முன்னால் ஏதாவது பெரிதாக உடம்புக்கு வந்திருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், ரொம்ப அக்கறையாக, "ஒரு தபா மருந்து குடிச்சிடுச்சு சார், ரொம்ப வருசம் ஆச்சு" என்றார். டாக்டர் எழுதிக்கொண்டார். நான் இல்லை என்றேன். அவர் தலையை நிமிர்த்தாமல், "பரவாயில்லம்மா" என்றார்.

வெளியே பெஞ்சில் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலேஜ் படிக்கிற பெண். இத்தனை வருஷம் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள், என் தோளில் சாய்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டாள், "ஏம்மா குடிச்ச?" குடித்தாயா என்று கேட்கவில்லை அண்ணா. ஏன் குடித்தாய் என்று கேட்டாள். பசு செத்ததிலிருந்து ஆரம்பித்து, டோக்கன் கூப்பிடுகிற வரைக்கும் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கையைத் தடவிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "சரிம்மா, வுடு. பழசு" என்றாள். அவள் அப்பா சொல்வாரே, அதே சரி.

உன் சாவில் நான் தலைமுடியை அவிழ்த்துப் போட்டு, மார் வீங்கும் அளவுக்கு அடித்துக்கொண்டு கத்தினேன். நாலு பெண்கள் என்னைப் பிடித்தும் நிறுத்த முடியவில்லை. என்ன சண்டை போட்டாலும் அண்ணன் மேல் உயிர் என்று ஊர் மெச்சியது. உயிரும் இல்லை, மயிரும் இல்லை. எனக்கு இருந்த ஒரே சாட்சியைப் பாடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறார்களே என்றுதான் அடித்துக்கொண்டேன்.